தூதர்களின் சபையில் தூதரல்லாதார்

ஐக்கிய நாடுகள் சபை என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது, நாட்டின் பெயர் பொறித்த பலகைக்குப் பின்னால் வீற்றிருக்கும் தூதர்களின் வரிசையேயாகும். ஆயின், ஜினீவாவிலோ நியூயார்க்கிலோ நடைபெறும் கூட்டமொன்றை நேரில் கண்டவர்கள், அம் மண்டபத்தின் பின்வரிசைகளில் வேறொரு சாராரும் அமர்ந்திருப்பதை அறிவர். அவர்கள் எந்த அரசாங்கத்தின் பெயராலும் பேசுவதில்லை. அவர்களுக்கு வாக்குரிமை இல்லை. சிலருக்கு மட்டும் இரண்டொரு நிமிடங்கள் பேச இடமுண்டு. ஏனையோர் அச்சிட்ட தாள்களைக் கையில் ஏந்தி, நடைக்கூடங்களில் தூதர்களை மடக்கிப் பேசிக்கொண்டிருப்பர். இவர்களே தனியார் சங்கத்தினர். ஒரு கொள்கைக்காகவோ, ஒரு மக்கட் கூட்டத்துக்காகவோ, ஒரு தொழிலுக்காகவோ வாதாட வந்தவர்கள்.

சித்திரவதையை ஒழிக்கும் உடன்படிக்கை, கண்ணிவெடிகளை விலக்கும் உடன்படிக்கை ஆகிய பலவற்றுக்கு இவர்களுடைய உழைப்பே வித்தாக அமைந்தது. அதே வேளையில், இவர்களைக் குறித்து எழும் குற்றச்சாட்டும் பழமையானது: “இவர்கள் நடுநிலையாளர் அல்லர், அறத்தின் பெயரால் அரசியல் நடத்துகின்றனர், சர்வதேச நிறுவனங்களை ஒரு பக்கமாகச் சாய்க்கின்றனர்.” இக்குற்றச்சாட்டில் எவ்வளவு உண்மை, எவ்வளவு தற்காப்பு என்பதை நேயர்களுடன் சேர்ந்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு நம் மக்களோடு தொடர்புடைய ஓர் ஊரிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். அவ்வூர் தென்னாப்பிரிக்காவிலுள்ள டர்பன்.

1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், சென்னைத் துறையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியரின் முதற் கூட்டம் அதில் வந்திறங்கிற்று. அவர்களுடைய வழித்தோன்றல்கள் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்பதைக் கட்டுப்படுத்தி, 1946ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்க அரசாங்கம் ஒரு சட்டம் செய்தது. மகாத்மா காந்தி 1894இல் நிறுவிய நேட்டால் இந்தியக் காங்கிரஸ், டாக்டர் நாயக்கரின் தலைமையில் சாத்விக எதிர்ப்பைத் தொடங்கியது. டிரான்ஸ்வாலில் டாக்டர் யூசுப் தாதூ தலைமை தாங்கினார். ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் சிறை புகுந்தனர்.

ஐக்கிய நாடுகள் சபை அப்போது பிறந்து ஓராண்டுகூட நிறையாத குழந்தை. நேட்டால் இந்தியக் காங்கிரஸ் ஒரு சங்கமேயன்றி ஓர் அரசாங்கம் அன்று. ஆகவே, அதனால் சபையின் வாயிலைத் தன் பெயரால் தட்ட இயலவில்லை. விடுதலையின் விளிம்பில் நின்ற இந்தியா அவ்வழக்கைத் தனதாக்கிக் கொண்டது. திருமதி விஜயலட்சுமி பண்டிட் பொதுச் சபையில் வாதாடினார். தென்னாப்பிரிக்காவிலிருந்து எச். ஏ. நாயுடு, சோராப்ஜி ருஸ்தம்ஜி முதலியோர் நியூயார்க் சென்று இந்தியத் தூதுக் குழுவுக்கு வேண்டிய விவரங்களைத் தந்து உதவினர். எதிரே நின்றவர் ஜெனரல் ஸ்மட்ஸ். ஐ.நா. சாசனத்தின் முகவுரை உருவாகக் காரணமாக இருந்த அதே ஸ்மட்ஸ், சாசனத்தின் 2ஆவது விதியின் 7ஆவது பிரிவைக் காட்டி, இது எங்கள் உள்நாட்டு விவகாரம், பிறர் தலையிடலாகாது என்று வாதாடினார். 1946 டிசம்பர் 8ஆம் நாள், 32 நாடுகள் ஆதரிக்க, 15 நாடுகள் எதிர்க்க, இந்தியாவின் பக்கமே தீர்மானம் நிறைவேறியது. ஒரு நாட்டுக்குள் மனிதர் மனிதரை நடத்தும் முறை உலகத்தின் கவனத்துக்கு உரியதே என்ற கொள்கைக்கு அன்று பெரும் ஆதரவு தேடித் தந்தவர்கள் நாமே. இதனை நேயர்கள் நினைவிற் கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

இனி, தனியார் சங்கங்கள் சபைக்குள் நுழைந்த வழியைப் பார்ப்போம். 1945இல் சான் பிரான்சிஸ்கோவில் சாசனம் வரையப்பட்டபோது, அமெரிக்கத் தூதுக் குழு 42 சங்கங்களின் பிரதிநிதிகளை ஆலோசகர்களாக அழைத்திருந்தது. தொழிற்சங்கத்தார், மதச் சபையினர், வணிகர், மாதர் சங்கத்தினர் ஆகியோர் அதில் இருந்தனர். மனித உரிமைகளைப் பற்றிய சொற்கள் சாசனத்தில் அழுத்தமாக இடம் பெற்றமைக்கு இவர்களுடைய வற்புறுத்தலும் ஒரு காரணம். சாசனத்தின் 71ஆவது விதி, பொருளாதார சமூக மன்றம் தனியார் அமைப்புகளுடன் “கலந்தாலோசிக்க” ஏற்பாடு செய்யலாம் என்கிறது. சொல்லை எவ்வளவு அளந்து வைத்திருக்கின்றனர் என்பதைக் கவனியுங்கள். இரண்டு விதிகளுக்கு முன்னால், 69ஆவது விதியில், மன்றத்தில் இடம்பெறாத அரசாங்கங்கள் வாக்கின்றி “பங்கு கொள்ளலாம்” என்றிருக்கிறது. அரசாங்கத்துக்குப் பங்கு; சங்கத்துக்கு ஆலோசனை மட்டும். மேலும், ஒரு நாட்டுக்குள் மட்டும் இயங்கும் சங்கமாயின், அந்நாட்டு அரசாங்கத்தைக் கலந்துகொண்ட பின்னரே அதனுடன் பேசலாம் என்றும் அவ்விதி கூறுகிறது. தன்மீது குறை கூற வருபவனைக் குறித்து அரசாங்கத்தின் கருத்தையே முதலிற் கேட்கும் இவ்வேற்பாட்டில் பிற்காலப் பூசல்கள் பலவற்றின் வேர் இருக்கிறது.

பூசல் வெகுநாள் காத்திருக்கவும் இல்லை. 1946இல் உலகத் தொழிற்சங்க சம்மேளனத்துக்குச் சிறப்பிடம் வேண்டுமென்று சோவியத் ரஷ்யா வற்புறுத்த, அப்படியானால் எங்கள் தொழிலாளர் சம்மேளனத்துக்கும் வேண்டுமென்று அமெரிக்கா நின்றது. இரண்டும் இடம் பெற்றன. அன்று முதல் பனிப்போரின் காற்று இச்சங்கங்களின் மேலும் வீசியது. உலக ஜனநாயக மாதர் சம்மேளனம் 1951ஆம் ஆண்டில் கொரியாவுக்கு ஒரு குழுவை அனுப்பி, அங்கே குடிமக்கள் பட்ட கொடுமைகளுக்கு அமெரிக்கப் படையினரும் தென்கொரியப் படையினரும் பொறுப்பாளிகள் என்று அறிக்கை வெளியிட்டது. 1954இல் அதன் ஆலோசனை அந்தஸ்து பறிக்கப்பட்டது. 1967இல்தான் மீண்டும் கிடைத்தது. அச்சம்மேளனம் சோவியத் சார்புடையது என்பதில் ஐயமில்லை. ஆயினும், கொரியாவில் குடிமக்கள் கொல்லப்படவில்லை என்று எவரும் சாதிக்கவும் இயலாது.

அதே 1967ஆம் ஆண்டில் மறுபக்கத்தின் குட்டும் வெளிப்பட்டது. அமெரிக்காவின் தேசிய மாணவர் சங்கம் உள்ளிட்ட பல அமைப்புகளுக்கு, இடைநின்ற அறக்கட்டளைகளின் வழியாக அந்நாட்டு உளவுத் துறை பணம் அனுப்பி வந்ததை ‘ராம்பார்ட்ஸ்’ என்னும் பத்திரிகை அம்பலப்படுத்திற்று. சட்டத்தின் ஆட்சிக்காக உலகெங்கும் குரல் கொடுத்துவந்த சர்வதேச நீதிபதிகள் கமிஷனும் அப்பணத்தைப் பெற்றிருந்தது தெரியவந்தது. சுதந்திரம் பேசியவர்களுடைய சுதந்திரமே சந்தேகத்துக்கு இடமாயிற்று. அடுத்த ஆண்டு, பொருளாதார சமூக மன்றம் 1296ஆம் எண் தீர்மானத்தின் வாயிலாக விதிகளை இறுக்கியது. சங்கத்தின் வருவாய் பெரும்பாலும் அதன் உறுப்பினரிடமிருந்தும் கிளைகளிடமிருந்தும் வரவேண்டும். அரசாங்கப் பணம் ஏதேனும் வந்தால் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். 1996இல் இவ்விதிகள் மீண்டும் திருத்தப்பட்டன. நாட்டளவில் இயங்கும் சங்கங்களுக்கு வாயில் சற்று அகலமாகத் திறந்தது. தொடக்கத்தில் 41 சங்கங்கள் இருந்த பட்டியலில் இன்று 6,000க்கும் மேற்பட்டவை இருக்கின்றன.

பணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி நியாயமான கேள்வி. ஆனால் அது மட்டுமே போதுமான கேள்வியா? இவ்விடத்தில் ஐ.நா. பிறப்பதற்கு முந்திய ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டு, ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டைத் தம் தனிச்சொத்தாக ஆண்டு வந்தார். ரப்பர்ப் பால் குறைந்த ஊர்களில் மக்களைக் கொன்றும், கைகளை வெட்டியும் வேலை வாங்கினர். இதனை எதிர்த்து இ. டி. மொரெல் என்னும் ஆங்கிலேயர் 1904இல் காங்கோ சீர்திருத்தச் சங்கத்தை நிறுவினார். உடனே மன்னரின் ஆட்கள், இது லிவர்பூல் வணிகர்களின் சூழ்ச்சி என்று கூக்குரலிட்டனர். அதில் உண்மையும் இருந்தது. காங்கோ வணிகத்தில் தமக்கு இடமில்லையே என்று மனக்குறைப்பட்ட லிவர்பூல் வணிகர் ஜான் ஹால்ட், மொரெலுக்குப் பணவுதவி செய்தவரே. ஆனால் மன்னர் தம் பெயரைக் காக்கத் தாமே நியமித்த விசாரணைக் கமிஷன், 1905இல் வெளியிட்ட அறிக்கையில், குற்றச்சாட்டுகளின் சாரத்தை உறுதிப்படுத்தி விட்டது. 1908இல் காங்கோ மன்னரின் கையிலிருந்து பறிபோயிற்று. பணம் கொடுத்தவனுக்கு உள்நோக்கம் இருந்தது. வெட்டுண்ட கைகளோ மெய்யானவை. நோக்கத்தை ஒரு தட்டிலும் சான்றை வேறொரு தட்டிலும் இட்டு நிறுக்க வேண்டும் என்பதற்கு இதைக் காட்டிலும் தெளிவான எடுத்துக்காட்டை நான் அறியேன்.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் புகையிலைக்கு எதிராக ஓர் உடன்படிக்கை செய்ய முனைந்தபோது, புகையிலைக் கம்பெனிகள் அதைக் கெடுக்கப் பல ஆண்டுகளாகச் செய்துவந்த வேலைகளை ஆராய்ந்து, 2000ஆம் ஆண்டில் ஒரு நிபுணர் குழு அறிக்கை தந்தது. வழக்குகளின் பயனாக வெளிவந்த கம்பெனிகளின் சொந்தக் கடிதங்களே அதற்குச் சான்று. ஏழை நாட்டுப் புகையிலை விவசாயிகளின் குரலாக உலா வந்த ஒரு சர்வதேசச் சங்கம், உண்மையில் கம்பெனிகளின் பணத்தாலும் ஆலோசனையாலும் நடத்தப்பட்டது என்பது அதில் புலனாயிற்று. உழவனின் பெயரைச் சொன்னால் வளரும் நாடுகளின் பிரதிநிதிகள் மனமிரங்குவர் என்று கணக்கிட்டிருக்கின்றனர். நம்மைப் போன்ற நாட்டாருக்கு இது சிந்திக்கத்தக்க செய்தி. இறுதியில் அவ்வுடன்படிக்கை 2003இல் ஏற்கப்பட்டு, 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. புகையிலைத் தொழிலின் நலன்கள் பொதுச் சுகாதாரக் கொள்கையில் தலையிடாதவாறு காக்க வேண்டும் என்ற விதியே அதில் தனியாக இடம் பெற்றிருக்கிறது.

அரசாங்கங்களும் சங்க வேடம் பூணுவதுண்டு. தம் ஆட்களைக் கொண்டே மனித உரிமைக் கழகம் என்றொன்றை அமைத்து, தம்மைப் புகழவும் பகைவரை இகழவும் ஜினீவாவுக்கு அனுப்பும் வழக்கம் பல நாடுகளிடம் காணப்படுகிறது. 2020ஆம் ஆண்டில் பிரஸ்ஸல்ஸ் நகரத்து ஆய்வு அமைப்பு ஒன்று, செயலற்றுப் போன சில சங்கங்களின் பெயர்கள் மீட்டெடுக்கப்பட்டு இந்திய நலனுக்காகப் பயன்படுத்தப்பட்டன என்று அறிக்கை வெளியிட்டது. இந்திய அரசாங்கம் அதனை மறுத்தது.

சங்கங்களுக்கு இடம் கொடுப்பதா, மறுப்பதா என்பதை முதலில் ஆராய்வது 19 நாடுகளைக் கொண்ட ஒரு கமிட்டி. உறுப்பு நாடுகளை மன்றம் நான்காண்டுகளுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கிறது. வழக்கமாக ஒருமித்த முடிவையே அது நாடும். ஆதலால், ஓர் உறுப்பினர் ஒரு கேள்வி கேட்டாலும் விண்ணப்பம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப் போகும். தண்டிக்கும் அதிகாரமும் இக்கமிட்டியின் வழியாகவே தொடங்குகிறது. 1999இல் கிறிஸ்தவ ஒருமைப்பாட்டுச் சங்கம் ஒன்று, சூடான் நாட்டுக் கிளர்ச்சித் தலைவர் ஜான் கராங் தன் பெயரில் பேச இடமளித்ததற்காக அந்தஸ்தை இழந்தது. லிபியா 2003இல் மனித உரிமைக் கமிஷனுக்குத் தலைமை ஏற்றபோது மண்டபத்தில் துண்டுப் பிரசுரங்களை வீசிய ‘எல்லையற்ற நிருபர்கள்’ சங்கத்துக்கு ஓராண்டு இடைநீக்கம் கிடைத்தது. பத்திரிகையாளர் பாதுகாப்புக் கமிட்டி என்னும் அமெரிக்க அமைப்பின் விண்ணப்பத்தை, நான்காண்டுக் காலம் கேள்விகள் கேட்டபின், 2016 மே மாதத்தில் 10க்கு 6 என்ற வாக்கில் இக்கமிட்டி தள்ளுபடி செய்தது. ஜூலையில் பொருளாதார சமூக மன்றம் அம்முடிவை மாற்றியது.

நடுநிலை பற்றிய விவாதம் மிகச் சூடாக நடப்பது இஸ்ரேல் குறித்த விஷயத்தில்தான். 2006இல் நிறுவப்பட்ட 47 நாடுகளின் மனித உரிமை மன்றத்தின் நிரந்தர நிகழ்ச்சி நிரலில், பாலஸ்தீனப் பகுதிகளின் நிலைமைக்கெனவே ஏழாம் தலைப்பு தனியாக இருக்கிறது. வேறெந்த நாட்டுக்கும் இவ்வாறு தனித் தலைப்பு கிடையாது. இதனை இஸ்ரேலும் அமெரிக்காவும் ஒருதலைப் பட்சம் என்று கண்டித்தன. 2007இல் பொதுச் செயலாளர் பான் கி-மூனும் தம் ஏமாற்றத்தை வெளியிட்டார். ஆதரிப்பவர்களோ, 1967 முதல் நீடிக்கும் ஆக்கிரமிப்புக்கு ஒப்பான வழக்கு வேறில்லை, ஆதலால் தனித் தலைப்பும் பொருந்தும் என்கின்றனர். இதில் எனக்குத் தோன்றுவது இது: நிகழ்ச்சி நிரலின் அமைப்பு சமனற்றது என்ற குறை செல்லுபடியாகக் கூடியதே, ஆனால் அதனால் அங்கே கூறப்படும் ஒவ்வொரு செய்தியும் பொய்யாகிவிடாது. பிறிதொன்றையும் கவனிக்க வேண்டும். ஐ.நா. சபையைக் கண்காணிக்கவென்று 1993இல் ஜினீவாவில் தோன்றிய ‘யு.என். வாட்ச்’ என்பதும் ஒரு தனியார் சங்கமே. அதற்கும் ஒரு சார்பு உண்டென்று எதிர்த்தரப்பார் கூறுகின்றனர். ஆக, சார்பு என்ற குற்றச்சாட்டைச் சுமந்து வருபவர்களும் பெரும்பாலும் ஒரு கட்சிக்கு வாதாட வந்தவர்களாகவே இருக்கின்றனர்.

இப்போது டர்பனுக்குத் திரும்புவோம். 2001 ஆகஸ்டு 31 முதல் செப்டம்பர் 8 வரை, இனவெறிக்கு எதிரான உலக மாநாடு அந்நகரில் கூடியது. அதனை ஒட்டித் தனியார் சங்கங்களின் பேரவை ஒன்றும் நடைபெற்றது. இஸ்ரேலைக் குறித்து அப்பேரவை ஏற்ற வாசகங்கள் மிகக் கடுமையாக இருந்தமையால், மனித உரிமைகளுக்கான ஐ.நா. உயர் ஆணையர் மேரி ராபின்சனே அவ்வறிக்கையை மாநாட்டுக்குப் பரிந்துரைக்க மறுத்துவிட்டார். சங்கங்களின் ஆர்வம் அவற்றின் கோரிக்கைகளையே கெடுத்துக்கொண்ட நிகழ்ச்சி இது எனலாம். ஏனெனில், அதே பேரவையில் வேறு பல துயரங்களும் முறையிட வந்திருந்தன. அவை இவ்விரைச்சலில் அமுங்கின.

அவ்வாறு வந்தவர்களுள் இந்தியாவின் தலித் அமைப்புகள் முதன்மையானவை. பிறப்பையும் தொழிலையும் காரணமாகக் கொண்டு மனிதரைத் தாழ்த்தும் வழக்கத்தை மாநாட்டின் அறிக்கையில் குறிப்பிட வேண்டும் என்பதே அவர்களுடைய கோரிக்கை. இந்திய அரசாங்கம் அதனை எதிர்த்தது. சாதி என்பது இனம் அன்று. தீண்டாமையை நம் அரசியலமைப்பின் 17ஆவது விதி ஒழித்துவிட்டது. கொடுமைகளைத் தண்டிக்க 1989இன் சட்டம் இருக்கிறது. இதனை நாங்களே தீர்த்துக்கொள்வோம் என்பது அரசாங்கத்தின் வாதம். சாதியை இனமென்று கொள்வது அறிவியலுக்குப் பொருந்தாது என்று சமூகவியல் அறிஞர் ஆந்திரே பெத்தேய் போன்றோரும் எழுதினர். இவ்வாதத்தில் ஒரு பகுதி வலிமையுடையது. சாதியும் இனமும் ஒன்றல்ல என்பது உண்மைதான். ஆனால் 1965இல் இனப் பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கை வரையப்பட்டபோது, இனம், நிறம் என்ற சொற்களுடன் ‘பிறப்பு வழி’ என்ற சொல்லையும் சேர்க்கச் சொன்ன நாடு வேறெதுவுமன்று, இந்தியாதான். அச்சொல்லில் சாதியும் அடங்கும் என்று, அவ்வுடன்படிக்கையைக் கண்காணிக்கும் கமிட்டி 1996இல் இந்தியாவிடம் கூறியது. அத்தகைய பாகுபாடு பற்றி 2002இல் பொதுப் பரிந்துரை ஒன்றும் வெளியிட்டது. இந்தியா அதனை ஏற்கவில்லை. டர்பன் மாநாட்டின் இறுதி அறிக்கையில் சாதி என்ற சொல் இடம்பெறவில்லை.

1946இல் டர்பன் நகரத்து இந்தியருக்காக ஸ்மட்ஸை எதிர்த்து நாம் மறுத்த அதே வாதத்தை, 2001இல் அதே நகரில் நாம் எடுத்துக் கூறினோம். இரண்டும் ஒன்றே என்று நான் சொல்ல வரவில்லை. தென்னாப்பிரிக்காவில் சட்டமே அநீதி செய்தது. நம் நாட்டில் சட்டம் அநீதியை விலக்குகிறது. இவ்வேறுபாடு சிறிதன்று. ஆனால் சட்டம் விலக்கியும் ஊரில் விலகாத ஒன்றைக் குறித்துப் பாதிக்கப்பட்டவன் வெளியே சென்று பேசினால், அவனைச் சார்புடையவன் என்று தள்ளுவதற்கு அவ்வேறுபாடு போதுமானதாகுமா?

சர்வதேச தலித் ஒருமைப்பாட்டு இணையம் என்னும் அமைப்பு டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இருந்து இயங்குகிறது. ஆலோசனை அந்தஸ்து வேண்டி அது விண்ணப்பித்தது 2007ஆம் ஆண்டில். 19 நாடுகளின் கமிட்டியில் இந்தியா கேள்வி கேட்டது. இணையம் எழுத்தில் விடையளித்தது. அடுத்த கூட்டத்தில் இந்தியா மீண்டும் கேள்வி கேட்டது. இவ்வாறு நூற்றுக்கு மேற்பட்ட கேள்விகள் கேட்கப்பட்டன. தலித் என்ற சொல்லின் பொருள் முதல், உறுப்பினர் யார், பணம் தருபவர் யார் என்பது வரையில் இணையத்துக்கு விடை எழுதுவதே ஒரு வேலையாயிற்று. அவற்றுட் சில கேள்விகள் 1968ஆம் ஆண்டுத் தீர்மானத்தின் நோக்கத்துக்கு இசைந்தவையே. ஐரோப்பியப் பணத்தால் நடக்கும் அமைப்பிடம் கணக்குக் கேட்பது தவறன்று. விடை வந்த பின்னும் கேள்வி தீராதிருப்பதுதான் வேறு கதை. அக்கமிட்டியின் மேசையில் அதனைவிட நீண்ட காலம் காத்திருந்த விண்ணப்பம் வேறில்லை.

2022 டிசம்பர் மாதத்தில் பொருளாதார சமூக மன்றம், நெடுங்காலமாகத் தேங்கிக் கிடந்த ஒன்பது விண்ணப்பங்களை வாக்கெடுப்புக்கு விட்டு ஏற்றுக்கொண்டது. அவற்றுள் இதுவும் ஒன்று. இந்தியா எதிர்த்து வாக்களித்தது. பதினைந்து ஆண்டுகள் வெளியே நின்ற அவ்விணையத்தின் பிரதிநிதிகள் இப்போது தங்கள் பெயரிலேயே அச்சிட்ட பலகைக்குப் பின்னால் அமர்ந்து, தங்களுக்குரிய இரண்டொரு நிமிடங்களைப் பேசலாம். நான்காண்டுகளுக்கு ஒருமுறை தங்கள் நடவடிக்கைகளைக் குறித்து அறிக்கை தர வேண்டும். அவ்வறிக்கையைப் படித்துக் கேள்வி கேட்கப் போவதும் அதே 19 நாடுகளின் கமிட்டிதான்.